வெண்ணெய்ப் பந்தின் நிறை மையம்: மாமல்லபுரத்துப் பாறை குறித்துச் சில கணக்குகள்

1. கேள்வி

மாமல்லபுரத்தில் கணேச ரதத்துக்கு அருகே, வழுவழுப்பான பாறைச் சரிவொன்றின் மீது நிற்கும் பெருங்கல்லுக்கு வான் இறைக் கல் என்றும் கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பந்து என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மாமல்லபுரச் சின்னங்களில் பல்லவச் சிற்பிகளின் உளி படாமலே புகழ்பெற்றது இது ஒன்றுதான் எனலாம். 2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதன் முன்னே கைகோத்து நின்ற படம் உலகெங்கும் வெளியானபின், இந்தக் கல் ஏன் உருண்டுவிடவில்லை என்ற பழைய வியப்பு மீண்டும் எழுந்தது. அதற்கு வழிகாட்டிகளும் பயண நூல்களும் இதழ்களும் தரும் விடை ஏறத்தாழ ஒன்றே: பாறையின் ஈர்ப்பு மையம் சரியான இடத்தில் அமைந்திருப்பதால் அது நிற்கிறது.

இவ்விடை தவறன்று, ஆனால் இதில் செய்தியும் இல்லை. நிற்கும் எந்தப் பொருளைப் பற்றியும், மேசை மீதுள்ள மைக்கூடு உட்பட, இதையே சொல்லிவிடலாம். அந்த மையம் எங்கே இருக்கிறது, அது எவ்வளவு நகர்ந்தால் பாறை கவிழும், பாறையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் அளவுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்பவையே ஆராயத்தக்க கேள்விகள். நிறை மையம் பாறையைத் தாங்கும் பொருளன்று, பாறை நிற்குமா என்று கேட்டறிய உதவும் ஒரு புள்ளி மட்டுமே என்பதும், பாறையைப் பற்றி வழங்கும் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. சீரான வடிவங்களில் மையம் காணுதல்

ஒரு பொருளின் நிறை முழுவதும் எந்தப் புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டு அதன் இயக்கத்தைக் கணக்கிடலாமோ அது நிறை மையம். அதன் எடை எந்தப் புள்ளியின் வழியே செயல்படுவதாகக் கொள்ளலாமோ அது ஈர்ப்பு மையம். ஆறு மீட்டர் உயரமுள்ள பொருளில் உச்சிக்கும் அடிக்கும் இடையே புவியீர்ப்பு வேறுபடுவது மிக மிகச் சிறிய அளவே என்பதால், இங்கே இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம். சீரான பொருள் என்பது எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி உடையது. அதன் நிறை மையத்தை அதன் வடிவம் மட்டுமே தீர்மானிக்கிறது.

வடிவத்தில் சமச்சீர் இருந்தால் வேலை எளிது. வட்டத் தகடு, செவ்வகத் தகடு, கோளம், கனச்செவ்வகம் ஆகியவற்றுக்கு நடுப்புள்ளியே மையம். முக்கோணத் தகட்டில், உச்சிகளை எதிர்ப்பக்க நடுப்புள்ளிகளோடு இணைக்கும் மூன்று நடுக்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம், அதாவது அடியிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதை நிறுவியவர் பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆர்க்கிமிடீஸ். அரைக்கோளத்தின் மையம் அதன் அச்சை 5க்கு 3 என்று பிரிக்கிறது என்ற முடிவும் (தட்டை முகத்திலிருந்து ஆரத்தில் 3/8 தொலைவு என்பதே அதன் பொருள்) அவருடைய 'முறை' என்னும் நூலில் உள்ளது. எழுத்தைச் சுரண்டி நீக்கி மேலே வழிபாட்டு நூல் எழுதப்பட்டிருந்த தோலேடுகளின் அடியில் அந்நூல் மறைந்து கிடப்பதை ஹைபர்க் என்னும் அறிஞர் 1906இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கண்டறியும் வரை, அம்முடிவை அவர் எவ்வழியில் எட்டினார் என்பது உலகுக்குத் தெரியாதிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தகட்டின் மையமும் அதே உருவக்கோடு உடைய திண்மத்தின் மையமும் ஒன்றல்ல. அரைவட்டத் தகட்டின் மையம் தட்டை விளிம்பிலிருந்து ஆரத்தில் 0.424 பங்கு, அரைக்கோளத்துக்கோ 0.375 பங்கு. முக்கோணத் தகட்டுக்கு உயரத்தில் 1/3, கூம்புக்கு 1/4. காரணம் எளியது: கூம்பின் உச்சியை நோக்கிச் செல்லச் செல்ல அதன் அகலம் மட்டுமன்றித் தடிமனும் சேர்ந்தே குறைவதால், நிறையில் பெரும்பங்கு அடியில் தங்கிவிடுகிறது.

படூரிலும் கேளம்பாக்கத்திலும் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டியுள்ள பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் கற்கும் பயிற்சி பெரும்பாலும் தகடுகளைப் பற்றியது. அட்டையை வெட்டி, ஓர் ஆணியில் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு காட்டும் கோட்டை வரைந்து, வேறொரு துளையில் மீண்டும் தொங்கவிட்டால் இரு கோடுகளும் வெட்டும் இடம் மையம். அதே சாலையின் தென்கோடியில் நிற்கும் பாறையைப் பக்கவாட்டில் படமெடுத்து, உருவக்கோட்டை அட்டையில் வெட்டித் தொங்கவிட்டு அதன் மையத்தைக் கண்டுவிட்டதாக ஒருவர் எண்ணினால், கிடைப்பது நிழலின் மையமே தவிரப் பாறையின் மையமன்று. பிழை ஆரத்தில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கலாம். ஆனால் ஐந்து மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள கல்லில் அது பத்து சென்டிமீட்டரைத் தாண்டும். இந்தப் பாறையின் விஷயத்தில் பத்து சென்டிமீட்டர் அற்பமன்று என்பது பின்னர் தெளிவாகும்.

சிக்கலான வடிவங்களுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று கூட்டல்: பொருளை எளிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நிறையையும் அதன் மையத்தின் தொலைவையும் பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகுத்தல். மற்றொன்று கழித்தல்: முழு வடிவத்திலிருந்து இல்லாத துண்டை எதிர்மறை நிறையாகக் கருதி நீக்குதல். வெண்ணெய்ப் பந்துக்கு வேண்டியது இரண்டாவது வழி.

3. எழுந்து நிற்கும் பொம்மை, உருளாத பாறை

தஞ்சாவூர் பொம்மையைப் பற்றிய கதை ஒன்று இந்தப் பாறையோடு அடிக்கடி இணைத்துச் சொல்லப்படுகிறது: கவிழாமல் நிற்கும் கல்லைக் கண்டு வியந்த முதலாம் இராசராசன், தட்டினாலும் சாய்ந்து எழும் பொம்மைகளைச் செய்யச் சொன்னான் என்பது அது. கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லை என்பதை விட, அது இரு வேறு இயற்பியல் நெறிகளை ஒன்றாகக் குழப்புகிறது என்பதே இங்கு முக்கியம்.

வளைந்த அடியுடைய பொருள் சமதளத்தில் சாயும்போது, அடியின் வளைவு மையத்துக்குக் கீழே நிறை மையம் இருந்தால் அது மீண்டும் நிமிரும். இது உறுதிச் சமநிலை. மேலே இருந்தால் விழும். இரண்டும் ஒன்றாக இருந்தால், சீரான கோளத்தைப் போல, வைத்த இடத்திலேயே நிற்கும், தள்ளினால் உருளும். இது நடுநிலைச் சமநிலை. ஒரே பொருளால் ஆன அரைக்கோளத்தின் மேல் அதே ஆரமுள்ள கூம்பைப் பொருத்திப் பொம்மை செய்தால், கூம்பின் உயரம் ஆரத்தைப் போல் 1.73 மடங்குக்குள், துல்லியமாகச் சொன்னால் மூன்றின் வர்க்கமூல மடங்குக்குள் இருக்கும் வரைதான் அது எழுந்து நிற்கும். அதையே அட்டையில் வெட்டிச் செய்தால் எல்லை 1.41 மடங்காகக் குறைந்துவிடும். தகடும் திண்மமும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. தஞ்சாவூர்க் கைவினைஞர் இந்த எல்லையைப் பொருட்படுத்தாமல் உயரமான அரசன், அரசி உருவங்களைச் செய்ய முடிவது, அடியில் கனமான களிமண்ணையும் மேலே இலேசான காகிதக் கூழையும் வைப்பதால்தான். அதாவது பொம்மை சீரான பொருளன்று. அதன் கலை முழுவதும் அந்தச் சீரின்மையிலேயே உள்ளது.

சீரான ஒரே பொருளால், குழிவில்லாத வடிவில், எப்படி வைத்தாலும் ஒரே நிலைக்குத் திரும்புவதோடு உறுதியற்ற சமநிலையும் ஒன்றே ஒன்று உடைய உருவம் அமையுமா என்ற கேள்வியை ரஷ்யக் கணிதவியலர் ஆர்னோல்டு 1995இல் எழுப்பினார். ஹங்கேரியைச் சேர்ந்த டொமோகோஷும் வார்க்கோனியும் 2006இல் அமையும் என்று காட்டினர். கோம்போட்ஸ் எனப்படும் அவ்வுருவம் மிகச் சிறிய பிழையையும் பொறுக்காதது. காற்றும் மழையும் செதுக்கிய கல்லிடம் அத்தகைய துல்லியத்தை எதிர்பார்க்க இயலாது.

பாறை நிற்பது பொம்மையின் நெறிக்கு நேரெதிரான நெறியில். சீரான முழுக் கோளம் எவ்வளவு சிறிய சரிவிலும் உருளும். ஆகவே பாறை உருளாமலிருப்பதற்கு முதற்காரணம் அது கோளமாக இல்லாததே. அதன் அடியில் ஒரு தட்டைப் பரப்பு இருக்கிறது, அந்தப் பரப்பின் எல்லைக்குள் நிறை மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு விழுகிறது. புவியியலாளர் பொதுவாகத் தரும் விளக்கமும் இதோடு ஒத்துப்போகிறது: பாறை வெடிப்புகளின் வழியே நீர் புகுந்து மூலைகளைச் சிதைத்து, உள்ளே உருண்டைக் கற்களை எஞ்சவிடும் கோள வகைச் சிதைவின் விளைவே இது. அதாவது எவரோ ஒரு பந்தைக் கொண்டுவந்து சரிவில் வைக்கவில்லை; சரிவின் மேலிருந்த பாறைத் திரளைச் சுற்றியிருந்தவையெல்லாம் கழிந்துபோக, இது எஞ்சியது.

4. ஒத்துப்போகாத அளவுகள்

பாறையைப் பற்றி எழுதப்படுவனவற்றில் திரும்பத் திரும்ப வரும் அளவுகள் இவை: உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் சுமார் 5 மீட்டர், எடை சுமார் 250 டன், அடிப்பரப்பு நான்கு அடிக்கும் குறைவு, சரிவு 45 பாகை. இவற்றைத் தனித்தனியே படித்தால் வியப்பு வருகிறது. சேர்த்துப் படித்தால் ஐயம் வருகிறது.

முதலில் எடை. இவ்வகைக் கல்லின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2.7 டன் என்று கொண்டால், 6 மீட்டர் உயரமும் இரு திசைகளிலும் 5 மீட்டர் அகலமும் உள்ள நீள்கோளத்தின் கன அளவு 78.5 கன மீட்டர், எடை 212 டன். 250 டன்னை எட்ட வேண்டுமானால் அகலங்களில் ஒன்று 6 மீட்டராக இருக்க வேண்டும், அப்போதும் வடிவம் குறையற்றதாக இருக்க வேண்டும். ஆனால் பாறையின் பின்பக்க மேற்பகுதி இல்லை. மூன்று பக்கங்களிலிருந்து உருண்டையாகவும் பின்னாலிருந்து அரைக்கோளம் போலவும் தெரிவது அதனாலேயே. ஆகவே 250 என்பது மேல்வரம்பாக இருக்கலாமே தவிர, நடுமதிப்பாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து சரிவு. சறுக்காமல் நிற்பதற்குச் சரிவின் சாய்கோணம் உராய்வுக் கோணத்துக்குள் இருக்க வேண்டும். கல்லும் கல்லும் உரசும்போது உராய்வுக் குணகம், அதாவது உராய்வு விசைக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம், பொதுவாக 0.6 முதல் 0.85 வரை, அதற்கு இணையான கோணம் 31 முதல் 40 பாகை. 45 பாகைக்கு அந்தக் குணகம் ஒன்றாக இருக்க வேண்டும். அன்றாடம் பயணிகள் செருப்புக் காலோடு ஏறி நின்று, பாறையைத் தாங்குவதுபோல் படமெடுத்துக்கொள்ளும் சரிவு 45 பாகையாக இருக்க முடியாது என்பதை அறியக் கோணமானியும் தேவையில்லை.

கவிழ்வதைப் பற்றிய கணக்கு இன்னும் கடுமையானது. 2.75 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் அடியில் 1.2 மீட்டர் குறுக்களவுள்ள தட்டையை வெட்டினால், அதாவது 7 சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள சில்லை மட்டும் சீவிவிட்டால், நிறை மையம் ஏறத்தாழக் கோளத்தின் நடுவிலேயே இருக்கும். அந்நிலையில் அது நிற்கக்கூடிய மிக அதிகச் சாய்கோணம், தட்டையின் விளிம்பு நடுப்புள்ளியில் ஏற்படுத்தும் கோணமே. அது 13 பாகைக்குச் சற்றுக் குறைவு. நான்கு அடி அடிப்பரப்பும் 45 பாகைச் சரிவும் ஒரே பாறைக்கு உரியனவாக இருக்க முடியாது. இரண்டில் ஒன்றை, அல்லது இரண்டையும் கைவிட வேண்டும்.

இந்தக் குழப்பத்தின் ஒரு வேர் எழுத்துகளிலேயே தென்படுகிறது. நான்கு அடி, அதாவது 1.2 மீட்டர் என்ற அளவு சில விவரிப்புகளில் தொடுபரப்பின் அகலமாகவும், வேறு சிலவற்றில் பாறை அமர்ந்துள்ள இயற்கைப் பீடத்தின் உயரமாகவும் வருகிறது. அகலமும் உயரமும் தற்செயலாக ஒன்றாக இருந்திருக்கலாம். ஒரே எண் கைமாறிக் கைமாறிப் பொருள் மாறியிருக்கலாம் என்பதே கூடுதல் வாய்ப்புடையது. பீடம் ஒன்று உண்டென்றால், பாறையின் தொடுபரப்பு சுற்றியுள்ள சரிவை விடக் கிடைமட்டத்துக்கு நெருக்கமாக அமைந்திருக்கக்கூடும். பார்வையாளர் கண்ணுக்குப் படுவது குன்றின் சரிவு. பாறையைத் தாங்குவது தொடுபரப்பின் சரிவு. வியப்பு முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதிலிருந்தே பிறக்கிறது.

5. இழந்த துண்டு

பின்பக்க மேற்பகுதி இல்லாதது நிறை மையத்தை எவ்வளவு நகர்த்தும்? கழித்தல் வழியில் இதற்கு எளிய மாதிரி ஒன்றை அமைக்கலாம். கோளத்திலிருந்து அரை ஆரத் தடிமனுள்ள தொப்பி ஒன்றை வெட்டி எடுத்தால், நீங்கும் நிறை மொத்தத்தில் 5/32, அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அத்தொப்பியின் மையம் கோள நடுவிலிருந்து 0.675 ஆரத் தொலைவில் இருக்கிறது. எஞ்சிய பகுதியின் மையம் எதிர்த்திசையில் நகரும் தொலைவைக் கணக்கிட்டால் சரியாக ஆரத்தில் எட்டில் ஒரு பங்கு வருகிறது. 2.75 மீட்டர் ஆரத்துக்கு அது 34 சென்டிமீட்டர்; நான்கடி அடிப்பரப்பின் பாதியான 60 சென்டிமீட்டரில் இது பாதிக்கும் மேல்.

தொப்பி செங்குத்துக்கு 45 பாகை சாய்ந்த திசையில், மேலும் பின்னுமாக வெட்டுண்டதாகக் கொண்டால், மையம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் கீழேயும் 24 சென்டிமீட்டர் முன்னேயும் நகர்கிறது. கீழே இறங்குவது எப்போதும் நன்மை. ஆனால் சிறு சரிவுகளில் அந்த நன்மை சிறியது, 12 பாகைச் சரிவில் அது விளிம்போரத்தில் தரும் இடைவெளி சுமார் 5 சென்டிமீட்டர்தான். கிடைநகர்வின் விளைவோ திசையைப் பொறுத்தது. இழந்த துண்டு சரிவின் பள்ளப்பக்கம் இருந்தால் மையம் மேட்டை நோக்கி நகர்ந்து பாறைக்குப் பாதுகாப்பு கூடும். மேட்டுப்பக்கம் இருந்தால் மையம் பள்ளத்தை நோக்கி நகர்ந்து பாதுகாப்பு குறையும். துண்டு போனதால் எடை குறைந்தது, எடை குறைந்ததால் பாறை நிற்கிறது என்னும் விளக்கம் இதனால் செல்லாததாகிறது. கவிழ்வதற்கான நிபந்தனையில் எடைக்கு இடமே இல்லை. எந்தப் பக்கம் போனது என்பதே கேள்வி.

6. யானைகளின் சாட்சியம்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, பாறை ஊருக்கு ஆபத்து என்று கருதி 1908இல் ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தார், பாறை அசையவில்லை என்று சொல்லப்படுகிறது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மனும் முயன்று தோற்றதாக இன்னொரு கதை உண்டு. அரசர் கதையைப் போலன்றி ஆளுநர் கதையில் ஓர் எண் இருக்கிறது. எண் இருந்தால் கணக்குப் பார்க்கலாம்.

வளர்ந்த யானையின் எடையை 4 டன் என்றும், அது தன் எடையில் பாதி அளவுக்கு இழுக்கும் என்றும் தாராளமாகவே கொள்வோமானால், ஏழு யானைகளின் இழுவிசை 14 டன் எடைக்குச் சமம். 12 பாகைச் சரிவில், உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்தால், 250 டன் பாறையைப் பள்ளத்தை நோக்கிச் சறுக்கவைக்கத் தேவையான விசை சுமார் 95 டன். ஆகவே பாறை சறுக்கவில்லை என்பதில் வியப்பொன்றுமில்லை. அதை நம்ப அற்புதம் தேவையில்லை.

கவிழ்ப்பது வேறு. ஒரு விசை பொருளைச் சுழற்ற முயலும் வலிமை, அவ்விசையையும் அது செயல்படும் தொலைவையும் பெருக்கினால் கிடைக்கும் திருப்புத்திறன். கயிற்றை 5 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தால் யானைகள் தந்த திருப்புத்திறன் 70 டன் மீட்டர். அதை எதிர்ப்பது பாறையின் எடையும், நிறை மையத்தின் செங்குத்துக்கோட்டுக்கும் பள்ளப்பக்க விளிம்புக்கும் இடையிலான கிடைத்தொலைவும். 250 டன்னுக்கு அத்தொலைவு 28 சென்டிமீட்டரை விடக் குறைவாக இருந்திருந்தால் பாறை கவிழ்ந்திருக்கும். எடை 200 டன்தான் என்றால் வரம்பு 35 சென்டிமீட்டர். ஆகவே கதை உண்மையாகவும் கயிறு உயரத்தில் கட்டப்பட்டதாகவும் இருப்பின், அது நிறுவுவது பாறையின் அசைக்க முடியாமையை அன்று. பாதுகாப்பு இடைவெளி ஏறத்தாழ ஓர் அடிக்குக் குறையாமல் இருந்தது என்பதை மட்டுமே. கயிறு அடியில் கட்டப்பட்டிருந்தால் அதைக்கூட நிறுவாது.

7. நிலநடுக்கமும் விளிம்பும்

இதே இடைவெளி இன்னொரு துறையினருக்குப் பயன்படுகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பாலைநிலங்களில் தள்ளாட்டமாக நிற்கும் பாறைகளை, அங்கே கடந்த காலத்தில் எவ்வளவு வலிய நிலஅதிர்வு ஏற்படவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்று நிலநடுக்கவியலர் ஜேம்ஸ் புரூன் 1990களில் வாதிட்டார். விழாமல் நிற்கும் கல், தன்னை விழவைக்கும் அளவு குலுக்கல் நேரவில்லை என்று சாட்சி சொல்கிறது. நிலையாகச் செயல்படும் முடுக்கத்துக்கு, கவிழ்க்கத் தேவையான அளவு என்பது இடைவெளியை மைய உயரத்தால் வகுத்த விகிதம். 28 சென்டிமீட்டரையும் 2.7 மீட்டரையும் கொண்டால் அது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் நிலநடுக்க முடுக்கம் நொடிக்குள் திசை மாறுவது. உருவம் பெரிதாகப் பெரிதாக, அதே விகிதமுள்ள பொருளைக் கவிழ்ப்பது கடினமாகிறது என்பதைப் பொறியியலர் ஹவுஸ்னர் 1963இல் காட்டினார். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் சுமார் 5.5 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. வெண்ணெய்ப் பந்து நின்றது. அதைக்கொண்டு பாறையின் உறுதியைப் பற்றியோ இக்கடற்கரையின் நில அமைதியைப் பற்றியோ பெரிய முடிவுகளுக்குத் தாவுவது பொருந்தாது.

அதைவிடக் கவனத்துக்குரியது மெதுவான மாற்றம். பாறையை உருவாக்கிய சிதைவு நின்றுவிடவில்லை. கடலுப்பு படிந்த காற்றும் மழைநீரும் தொடுபரப்பின் ஓரங்களை இன்றும் அரித்துக்கொண்டே இருக்கும். மேட்டுப்பக்க ஓரம் அரிக்கப்பட்டால் சமநிலைக்கு நேரடிக் கேடில்லை. பள்ளப்பக்க ஓரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டர் குறையும்போதும் இடைவெளியிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. மேலும், விளிம்பை நோக்கி எடை நெருங்க நெருங்க அங்கே அழுத்தம் கூடி, அரிப்பும் நொறுங்கலும் விரையும்.

பாறையின் முழு வடிவத்தையும் லேசர் வருடியால் பதிவு செய்தால் அதன் கன அளவும் நிறை மையமும் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் கிடைத்துவிடும். கருவி எட்டாதது தொடுபரப்பு மட்டுமே. அதன் எல்லையை நான்கு புறமிருந்தும் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்து வரையலாம். பாறை தாய்ப்பாறையோடு எங்கேனும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதும் அப்போதே தெரியவரும். ஒட்டியிருக்குமானால் மேலே சொன்ன உராய்வுக் கணக்கும் கவிழ்வுக் கணக்கும் பாறையின் உறுதியைக் குறைத்தே மதிப்பிட்டவை ஆகும். ஒட்டவில்லையெனில், அளவெடுக்கத் தொடங்க வேண்டிய இடம் பயணிகள் முதுகைச் சாய்த்துப் படமெடுக்கும் அந்தப் பள்ளப்பக்க விளிம்பே.